உறை

வைகாசி மூன்று, புதன்.
காலை ஆறு மணிச் சுற்றில்
காற்றூட்டும் தொட்டியின் மேல்
வெள்ளை நுரை அசையாமல் நின்றது.
புளித்த, கூரான ஒரு வாடை.
ஜாடியில் மொண்டு முப்பது நிமிடம் வைத்தேன்.
ரசமண்டி போல அடியில் உட்கார வேண்டிய சேறு
உட்காரவில்லை.
தாளை நனைத்தேன், சிவந்தது.

எந்தப் பட்டறையோ,
பாத்திரம் துலக்கிய அமிலத்தை
இரவோடு இரவாகச் சாக்கடையில் கவிழ்த்திருக்கிறது.
இந்தக் குழாயில் சேர்ந்த வீடுகள் நானூற்றுப் பத்து.
யாரைப் போய்க் கேட்பது?

செத்தவை என் வேலைக்காரர்கள்.
கண்ணுக்குத் தெரியாதவர்கள்,
சம்பளப் பட்டியலில் இல்லாதவர்கள்.
ஊர் குளித்ததை, கழுவியதை,
சொல்லக் கூசுவதை
ராப்பகலாகத் தின்று தீர்த்தவர்கள்.
காற்று மட்டும்தான் கேட்டார்கள்.
மின்சாரம் போன இரவுகளில்
டீசல் கடன் சொல்லி அதையும் கொடுத்தேன்.

செயல் அலுவலர் போனில் சொன்னார்:
"அப்படியே திறந்து விட்டுடும்மா.
ஆத்துல என்ன இருக்கு, மணல்தானே."

மணல்தான்.
மேட்டூர் திறக்க இன்னும் நாள் கிடக்கிறது.
குடமுருட்டியில் இப்போது ஓடுவது
என் குழாய் விடுகிற ஒரு முழ அகல நீர்.
அதில்தான் மதகுக்குக் கீழே
கெண்டைக் குஞ்சுகள் கோடையைக் கடத்துகின்றன.
அதைத்தான் ஒரு மோட்டார் உறிஞ்சி
சவரிமுத்துவின் முக்கால் காணிப் பருத்திக்கு அனுப்புகிறது.
வெள்ளம் வருகையில் எதையும் அடித்துப்போகும் ஆறு,
வற்றிக் கிடக்கையில்
நாம் கொடுப்பது எதுவோ அதுவாகவே ஆகிவிடும்.

வெளிமதகை அடைத்தேன்.
அவசரத் தொட்டி மூன்று நாள் தாங்கும்,
ஊர் சிக்கனமாகக் குளித்தால்.
ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னோம்.
யாரும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

பிறகு நான் செய்தது
மோர் தீர்ந்த வீட்டுக்காரி செய்வதுதான்.
பக்கத்து வீட்டில் உறை கேட்கப் போனேன்.

பக்கத்து வீடு பதினெட்டு கிலோமீட்டர்.
அங்கே நிலையம் பார்க்கும் சகாபுதீன்
அதுவரை எனக்குக் குரல் மட்டும்.
"எவ்வளவு வேணும்?"
"எவ்வளவு தருவீங்க?"
"நேத்துதான் நுண்ணோக்கியில பார்த்தேன்.
காம்புல மணி கட்டின மாதிரி ஆடுதுங்க.
நல்ல சேறு, எடுத்துட்டுப் போங்க."

தண்ணீர் லாரிக்காரர் மறுத்தார்,
கல்யாணத்துக்குக் குடிநீர் அடிக்கிற வண்டியாம்.
நியாயம்தான்.
வைக்கோல் ஏற்றும் வீரையனின் வண்டியில்
பதினாறு நீல டிரம், இரண்டு நடை.
பள்ளம் வரும்போதெல்லாம்
முட்டை ஏற்றியவனைப் போலக் காலை எடுத்தான்.
டீக்கடையில் ஒருவர் கேட்டார்: "மீன் குஞ்சா?"
ஆமாம் என்றேன்.
முழுப்பொய் இல்லை.

திரும்புவதற்குள் மதலைமேரி
சுண்ணாம்பு கரைத்து ஊற்றி
தாளைப் பச்சைக்குக் கொண்டுவந்திருந்தாள்.
டிரம் டிரம்மாகச் சாய்த்தோம்.
நாலு கிலோ வெல்லம், என் காசு.
புளோயரைத் தணித்து வைத்தேன்,
புது இடம், மிரளக் கூடாது.

முதல் நாள் ஒன்றுமில்லை.
இரண்டாம் நாள் நுரை கொஞ்சம் பழுப்பேறியது,
அல்லது என் கண் அப்படி விரும்பியது.
மூன்றாம் இரவு
அவசரத் தொட்டி நிரம்ப ஒரு சாண் மிச்சம்.
மேல் தெருவில் ஏதோ விசேஷம்,
பந்தியின் எச்சில் நீரெல்லாம் வந்துகொண்டே இருந்தது.
மதலைமேரி அளவுகோலையே பார்த்தபடி
ஒரு வார்த்தை பேசவில்லை.

விடிகாலை நாலே காலுக்கு
ஜாடியில் ஒரு கோடு விழுந்தது.
மேலே தெளிவு,
கீழே மெல்ல, மிக மெல்ல, மண்டி.

பதிவேட்டில் எழுதினேன்.
நிறம்: காப்பி.
படிவு: கால் ஜாடி.
வாசனை என்ற கட்டத்தில்
விதிப்படி "இயல்பு" என்றுதான் எழுத வேண்டும்.
முதல் தூறல் விழுந்த கரம்பை மண் என்று எழுதினேன்.
யாரும் படிப்பதில்லை.

ஆறு மணிக்கு, தெளிந்த நீரைப் பார்த்துவிட்டு
மதகைக் கால்வாசி திறந்தேன்.
சகாபுதீனுக்கு ஒரே சொல் அனுப்பினேன்:
தோய்ந்துவிட்டது.

வீரையன் டிரம்களைக் கேட்டு வந்தான்.
கழுவிய நீரையும் சிந்தாமல்
உள்வாய்க் குழியில் ஊற்றிவிட்டுத்தான் கொடுத்தோம்.