அரைச்சாண் கம்பளி நூல்

சனிக்கிழமை இரவு நான் வாயைத் திறந்தாலே
என் மனுசன் சோற்றுக் கோப்பையோடு எழும்பி
டீவிக்கு முன்னால் போய்விடுகிறார்.
"காத்துக் கதையெண்டால் நாளைக்குச் சொல்லு."

நாற்பத்துமூன்று வயது. காணிப் பதிவகத்தில் இரண்டாவது மேசை.
உறுதிப் பிரதி எடுக்க வருகிறவர்களுக்குக்
கையெழுத்து வைக்கும் இடத்தைக் காட்டிவிட்டு
நான் கேட்பது:
"காத்து எந்த இடத்தில மேல ஏறும், தெரியுமோ?"

குச்சவெளிப் பக்கம், உப்பளத்துக்குப் பின்னால்,
மாரி வரும்வரை இறுகிக் கிடக்கும் ஒரு வெளி.
வெளியின் அந்தலையில் பழைய லேலண்ட் லொறி எஞ்சின்,
அதில் ஓர் உருளை, உருளையில் எண்ணூறு மீற்றர் கயிறு.
அது சுண்டி இழுக்கப்
பட்டம் ஏறுகிற மாதிரித்தான் ஏறுகிறது கிளைடர்.
என்ன, பட்டத்துக்குள் நாங்கள் இருக்கிறோம்.
முந்நூறு மீற்றரில் கொளுக்கி கழரும்.
டக்.
அதற்குப் பிறகு
என் மூச்சு எனக்கே கேட்கிறது.

படிப்பிக்கிற சஃப்ராஸ், கிண்ணியா,
என்னைவிடப் பதினாறு வயது இளையவன்.
பின் இருக்கையிலிருந்து ஒரே மந்திரம்:
"நூலப் பாருங்க மிஸ், நூலப் பாருங்க."
கண்ணாடி மூடியின் நெற்றியில்
அரைச்சாண் சிவப்புக் கம்பளி நூல்.
அது நேராய்ப் பறந்தால் நாங்களும் நேர்.
கோணினால், கால் எதையோ மறந்துவிட்டது.
முள்ளும் எண்ணுமாய் இத்தனை வட்டங்கள் உள்ள பலகைக்கு மேலே
பொய் சொல்லத் தெரியாதது அது ஒன்றுதான்.

உப்புப் பாத்திக்கு மேலே காற்று செத்துக் கிடக்கும்.
பற்றைக்காடு, தார் ரோட்டு, எரித்த வயல்
இவைதான் கொதிக்கும்.
கச்சான் அடிக்கிற மாதங்களில், பதினொரு மணிக்குமேல்,
சிறகசைக்காமல் ஒரு செம்பருந்து வட்டமிட்டால்
வெட்கப்படாமல் போய் அதன் காலடியில் சேர்ந்துகொள்.
(கச்சான் என்றதும் எங்கள் பியோன் குகராசா
ஒரு சுருள் கச்சான் வாங்கிவந்து வைத்தான்.
கொறித்துக்கொண்டே அவனுக்கும் விளக்கினேன்.)

புஷ்பராணி மச்சாள் ஒருநாள் வந்தாள்.
வெளிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.
வானத்தில் இரைச்சல் கேட்டால்
பங்கருக்குள் இறங்கிப் பழகிய உடம்பு.
போன வருசம் கலியாணவீட்டில்
ட்ரோன் கமெராவுக்கே கதிரைக்குக் கீழே பார்த்தவள்.
இறங்கி வந்து பக்கத்தில் இருந்தேன்.
"எப்ப பறப்பியள்?" என்றாள்.
"இப்பதான் உங்கட தலைக்கு மேலால போனனான்."
அண்ணாந்தாள்.
அங்கே ஒன்றுமில்லை.
வெகுநேரம் பார்த்தாள்.

ஆவணியில் ஒருநாள் பருந்தும் ஏமாற்றியது.
வெளிக்குத் திரும்ப உயரம் போதாது.
கும்புறுப்பிட்டியில், வெங்காயம் கிண்டி முடிந்த தோட்டத்தில்
குதித்துக் குதித்துப் போய் நின்றோம்.
மண்வெட்டியோடு ஓடிவந்தார் தோட்டக்காரர் வேலுப்போடி.
"எண்ணெய் முடிஞ்சுதோ?"
"இதுக்கு எண்ணெய் இல்லை ஐயா."
"அதுதான் கேக்கிறன், முடிஞ்சுதோ?"
"எண்ணெயே இல்லை. எப்பவுமே இல்லை."

மண்வெட்டியைக் கீழே போட்டார்.
தண்ணிப் பம்புக்கு ஒரு கான் பெற்றோல் எடுக்க
மூன்று இரவு வரிசையில் படுத்தவராம்.
இரண்டு தரம் சுற்றி வந்தார்,
குனிந்து வயிற்றைத் தட்டினார்,
தாங்கியின் மூடியைத் தேடினார்.
"அப்ப என்னத்தில ஓடுது?"
"வெயில்ல."
"இஞ்ச அது கிடக்குத்தானே, வேண்டாமெண்ட அளவுக்கு."
அப்போதுதான் நூலைக் கண்டார்.
நான் சொல்லத் தொடங்கினேன், சஃப்ராஸ் தலையில் கைவைத்தான்.
இருட்டும்வரை கேட்டார்.
கைப்பையில் மிச்சம் கிடந்த நூலில் ஒரு துண்டு கொடுத்தேன்.

நேற்று நிலாவெளி ரோட்டில் எதிரே வருகிறார்,
லான்ட் மாஸ்டர், பெட்டி நிறைய வெங்காயம்,
கைபிடி நடுவே சிவப்பு நூல்.
அந்த வேகத்துக்கு நூல் எழும்பாது.
சும்மா தொங்கிக்கொண்டு வருகிறது.
என்றாலும் மனிதர்
ரோட்டைப் பார்க்கவில்லை,
அதைத்தான் பார்த்து ஓட்டுகிறார்.