ஏழாம் மெட்டு

பெட்டியைத் திறந்ததும் முதலில் மூக்குதான் வேலை செய்யும்:
பழைய பசை, ஈரக் கம்பளம், கொஞ்சம் மெழுகுவர்த்தி.
டேட்டனில் பிப்ரவரி. வாசலெங்கும் உப்புச் சேறு.
பூட்ஸைத் தட்டிவிட்டும் ஒனீடா க்ராப் உட்காரவில்லை.
எட்டாம் நம்பர் பஸ் ஓட்டுகிறவர்; இரண்டரைக்கு ஷிஃப்ட்.
"மதிப்பு மட்டும் எழுதிக் கொடு, மார்வெட்.
சபைக் கூரை ஒழுகுகிறது,
இன்ஷூரன்ஸ்காரன் பட்டியல் கேட்கிறான்."

ஹாலிஸ் ப்ரூட் கையெழுத்து பேஸ் கிட்டார்.
எண்பத்து மூன்றில் செய்தது. மொத்தம் நாற்பத்தொன்று.
இது பத்தொன்பதாவது.
பதினோரு வருடமாக இந்த மேசையில்
இதன் படத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.
கை நடுங்கியதை
ஸ்க்ரூடிரைவர் தேடுவதுபோல் மறைத்துக்கொண்டேன்.

அரிது என்றால் அருமை என்று அவசரப்படுகிறவர்களுக்கு:
நாற்பத்தொன்றோடு நின்றது
நாற்பத்திரண்டாவதை யாரும் கேட்காததால்.
ஐந்தரைக் கிலோ. தோளைத் தின்னும்.
ப்ரூட்டே இதை இரண்டு முறைதான் மாட்டினாராம்,
இரண்டு முறையும் படம் எடுக்க.
பிறகு அவர் படுத்தார், எழவில்லை.
விலை எழுந்து உட்கார்ந்தது.

அளந்தேன். கழுத்து வளையவில்லை.
பிக்கப்புக்கு அடியில் பென்சிலில் தேதி.
ஈயப் பற்று யாரும் தொடாதது,
சாம்பல் நிறத்தில் உறங்குகிறது.
மனசுக்குள் நூறு நூறாக ஏறிக்கொண்டே போனேன்.
பிறகு விளக்கைச் சாய்த்தேன்.
மேல்கொம்பில், கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில்,
வெறும் மரம்.

"அதுவா? தேய்த்துவிட்டேன்.
தங்க எழுத்து. வெளிச்சம் பட்டுப் பட்டு
பாஸ்டர் கண்ணில் அடித்தது.
உப்புத்தாள் ஒன்று, ஒரு மத்தியானம்."
என் முகத்தைப் பார்த்துவிட்டு,
"எவ்வளவு?" என்றார்.
பெயரோடு ஆறாயிரத்து ஐந்நூறு டாலர்.
பெயரில்லாமல் ஆயிரத்து நானூறு.
பஸ் ஓட்டுகிறவர்களுக்கு மனக்கணக்கு வேகம்:
"ஐயாயிரத்து நூறு!"
கடை அதிரச் சிரித்தார்.
"அவ்வளவு பெரிய கூலி வேலை
நான் செய்ததே இல்லை,
என்ன, திசைதான் தப்பு."

ஒலியும் பார்க்கவேண்டும், படிவத்தில் கட்டம் இருக்கிறது.
செருகினேன்.
கீழ்த்தந்தி, பக்கத்துக் கடைக்குள்
லாரி பின்னால் வருவது போல.
அலமாரியில் ஒரு தம்ளர் பதில் சொன்னது.
மேல்தந்தியில் ஏழாம் மெட்டு:
சுரம் பிறந்த கையோடு செத்தது.
துணி மூட்டையில் விழுந்த கல்.
மரத்தின் குறை. பழுது பார்க்க முடியாது.
பேனாவை எடுத்து எழுதினேன்,
இருநூறு கழிவு.

"இங்கே கொடு."
சீருடையோடு, நின்றபடியே வாசித்தார்,
ஞாயிற்றுக்கிழமைக்கான ஏதோ, நீண்ட இறக்கமாக ஒன்று.
அந்தச் சுரம் வரும் இடத்தில்
விரல்கள் பார்வையைக் கேட்காமலே
அடுத்த தந்திக்குத் தாவி
பன்னிரண்டாம் மெட்டில் அதையே எடுத்தன,
கனமாக, ஒரு மயிரிழை தாமதமாக.
இருபத்தாறு வருடம்
அந்தக் குழியைச் சுற்றியே ஓட்டியிருக்கிறார்.
அங்கே கைதட்டுகிறவர்களும்
அந்தத் தாமதத்துக்குப் பழகியிருப்பார்கள்.
நல்ல பேஸ் ஒன்றைக் கொடுத்தால்
சபையே தாளம் தப்பும்.

இதை எங்கே எழுத?
'பிற குறிப்புகள்' என்று ஒரு கட்டம்,
அரை அங்குல உயரம்.
'பயன்பாட்டில் உள்ளது' என்று எழுதினேன்.
மற்ற நாற்பதும்
கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதாகக் கேள்வி,
ஒசாகாவில், ஸூரிக்கில், பல் வைத்தியர்களின் வீடுகளில்.
ஏழாம் மெட்டில் என்ன நடக்கிறதென்று
அவர்களுக்குத் தெரிந்திருக்குமா, சந்தேகம்தான்.

"என்ன போட்டாய்?"
"ஆயிரத்து இருநூறு."
"சரியாகத்தான் இருக்கும்," என்று
பெட்டியின் கொக்கியை முழங்காலால் அழுத்தி மூடினார்.
இரண்டு பத்து.
என் கட்டணம் முப்பத்தைந்து டாலர்.
சில்லறையாக, பெரும்பாலும் கால் டாலர்களாக எண்ணி வைத்தார்.
வாங்கிக்கொண்டேன்.