உப்பு என்றால் கேட்கும்

பதினொரு மாதம். ஆயிரத்து நூற்று எழுபது துளிகள்.
ஒவ்வொன்றும் கடுகில் பாதி.
காலையில் நுண்ணோக்கியில் குனிந்தால்
அதே தெளிந்த நீர், இல்லையென்றால் அதே திரிந்த பால்.
படிகமாக மாட்டேன் என்கிறது புரதம்.
மான்ட்டெவிடியோவின் மழைபோல அதற்கும் அவசரமில்லை.
கடலென்று ஏமாற்றும் அந்த மண்நிற ஆற்றிலிருந்து எழுந்து
நாள் முழுக்கச் சன்னலில் நின்றுவிட்டுப் போகும்.

புரதத்துக்கு எண்தான் பெயர்.
அதைச் செய்கிற பாக்டீரியாவுக்கும் அப்படியே: அறுபத்து மூன்று.
அது குடியிருந்த காலுக்கு மட்டும் ஆள் உண்டு,
வில்மார் பெராஸ்ஸா.
சான் ஹோசே பக்கம் பால்பண்ணை. கம்பிவேலி கிழித்த
ஒரு விரல்நீளக் கீறல்.
நாலு மருந்துக்கும் அடங்கவில்லை.
முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஒப்புதல் படிவத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தது.
லிஃப்ட் பழுது. ஊன்றுகோலோடு மூன்று மாடி ஏறி வந்தார்.
"அது இன்னும் உயிரோடு இருக்கிறதா?"
இருக்கிறது என்றேன்.
நீலமூடிக் குப்பியில், எண்பது பாகை உறைகுளிரில்.
வேண்டும்போது எழுப்புவோம்,
இறைச்சிச் சாறு ஊற்றி வளர்ப்போம்.
சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார்.
"என் காலைத் தின்றதற்கு நீங்கள் சோறு போடுகிறீர்கள்."
பிறகு, பார்க்கலாமா என்றார்.
விதியில் இடமில்லை. காட்டினேன்.
மூடிய தட்டு, சிவந்த பரப்பு, பொன்னிறப் புள்ளிகள்.
"மஞ்சள்," என்றார், "சனவரிப் புல் மாதிரி."
கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கினார்.
ஊன்றுகோல் ஒவ்வொரு படியிலும் கேட்டது.

மருந்தைப் பிடித்து முறிக்கிற புரதம் இது.
பிடிக்கிற வாய் எந்தப் பக்கம் என்று தெரியவேண்டும்,
அதற்குத்தான் படிகம்.
பூனைமீசை கிடைத்தால் நல்லது என்றார் டாக்டர் எட்செவெரி.
ஆய்வகத்தில் பூனை இல்லை.
வண்டி ஓட்டுகிற ஒலெகாரியோ திங்களன்று
ஓர் உறையில் மூன்று முடிகள் கொண்டுவந்தான்,
லெச்சூசா என்ற அவன் பெண்குதிரையின் வாலிலிருந்து.
"கணக்கில் எழுதாதீர்கள். அவள் கூச்சக்காரி."

சாராயத்தில் கழுவி,
திரிந்த துளியில் முடியைத் தோய்த்து
தெளிந்த துளியில் ஒரு கோடு இழுத்தேன்.
பாலுக்குப் பிரை குத்துகிற வேலைதான்.
மூடினேன். மூன்று நாள் பார்க்கவில்லை
என்று சொன்னால் பொய்.

வியாழன் இரவு: முடி போன வழியில்
வரிசையாக ஆறு.
விளிம்பு கூர்மை. ஒளியைத் திருப்பினால் நீலம், பிறகு இருட்டு.

சந்தோஷப்படவில்லை.
போன சூலையில் இப்படித்தான் ஒன்று வந்தது,
கேக் வெட்டினோம், எட்செவெரி புவெனஸ் அயர்ஸுக்குத் தொலைபேசினார்.
உப்பு.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கவேண்டுமாம்.
இந்தத் துளிகளுக்கெல்லாம் உப்பிட்டவள் நானேதான்,
பயமும் அதனால்தான்.
உப்பும் படிகமாகும்,
புரதத்தைவிட அழகாகவே ஆகும்.

தெரிந்துகொள்ள ஒரு வழி, ஊசியால் அழுத்துவது.
உப்பு என்றால் டிக்கென்று கேட்கும்.
புரதம் தயிர்போல விட்டுக்கொடுக்கும்.
ஆறில் சிறியதைத் தேர்ந்தேன், இடமிருந்து மூன்றாவது.
மூச்சைப் பிடித்து ஊசியை இறக்கிய அதே நொடியில்
குளிர்பெட்டி உறுமத் தொடங்கியது.

கேட்டதா? கேட்கவில்லையா?
விரலில் ஏதோ பட்டது. விரல் நடுங்கிக்கொண்டிருந்தது,
விரலை நம்ப முடியாது.

எழுந்து போய்
குளிர்பெட்டியின் செருகியைப் பிடுங்கினேன்.
மழைகூட நின்றிருந்தது, எப்போது என்று தெரியவில்லை.
இன்னொன்று. இதற்கு மனம் வரவில்லை, நல்ல அகலம்.
அழுத்தினேன்.

மெல்ல, ஓசையே இல்லாமல், நடுவில் பிளந்தது.

நான்கு மிச்சம்.
குறிப்பேட்டில் நேரம் எழுதினேன், ஒன்று நாற்பது.
ஒலெகாரியோவிடம் சொல்லவேண்டும், குதிரையிடம் அவன் சொல்வான்.
பெராஸ்ஸாவின் எண் படிவத்தில் இருக்கும்,
ஆனால் என்னவென்று சொல்வது, இந்த நேரத்தில்?
முதலில் செருகி. உள்ளே அறுபத்து மூன்று
உருகத் தொடங்கியிருக்கும்.