கவனம் என்று பொருள்

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
எட்டாவது லைனில் எனக்கு எதிர் நாற்காலி சியூ கிம்.
பலகை கருகினால் ஹொக்கியனில் ஒன்று,
சூப்பர்வைசர் முதுகு திரும்பியதும் மலாயில் ஒன்று,
சும்மா பேசும்போது கமாவுக்குப் பதில் ஒன்று.
நானும் ஹொக்கியனில் தாராளம்.
இரவல் சட்டை மாதிரி அது,
கறை பட்டால் நமக்கென்ன.

தமிழில் மட்டும் நாக்கு எழாது.
'சனியனே'வுக்கே வாயில் மிளகாய் தேய்த்தவள் அம்மா.
"ஆம்பளைங்க வாய்தான் சாக்கட,
ஒனக்கு என்னாடி?"

தமிழ்ல ஒரு வார்த்தை குடு, ஒன்னே ஒன்னு என்று
ஓவர்டைம் இரவில் சியூ கிம் நச்சரித்தாள்.
தூக்கக் கலக்கமா, குறும்பா,
தாயில் தொடங்கும் அந்த மூன்றெழுத்தைக் கொடுத்துவிட்டேன்.
அர்த்தம் கேட்டாள்.
ஹாத்தி ஹாத்தி என்றேன்.
கவனம், பார்த்துப் போ.

பதினோரு வருடம்.
கொதிக்கும் மைலோவை நீட்டும்போது சொல்வாள்.
மழை நாளில் பேருந்து ஏறும் என் முதுகுக்குச் சொல்வாள்.
ஏழு மாதமாய் இருந்த ராஜகுமாரியின்
வயிற்றைத் தொட்டுச் சொன்னாள்.
ராஜகுமாரி ஒரு வாரம்
என்னோடு பேசவில்லை.

மெஷின் பழுது பார்க்கும் குணாளன்தான்
ஒருநாள் உண்மையைப் போட்டு உடைத்தான்.
அடிக்க வருவாள் என்று நாற்காலியைத் தள்ளிப் போட்டேன்.
"உங்க மொழியிலயும் அம்மாதானா?" என்றாள்,
மீயை உறிஞ்சியபடி.
"போகட்டும். எனக்கு ஹாத்தி ஹாத்திதான்."

அம்மா செத்த அன்று
பிறை அடுக்குமாடியில் லிஃப்ட் கெட்டுக் கிடந்தது.
நாலாம் மாடியிலிருந்து பெட்டி இறங்குகிறது.
முன்னால் தேவாரம்.
குளிப்பாட்டிய தண்ணீர் வாசல் தாண்டிப் படியில் வழிந்திருந்தது.
தம்பியின் கால் அந்த ஈரத்துக்குப் போக,
வளைவில் வெள்ளைச் சட்டையோடு நின்ற சியூ கிம்
கத்தினாள்.

மேலே கீழே எல்லா மாடிக்கும் கேட்டது
அந்த மூன்றெழுத்து.
தேவாரம் நின்றது.
தம்பியின் கால் அந்தரத்தில் நின்றது.
மாமாவுக்குக் கண் பிதுங்கியது,
தோளில் அக்கா இருந்ததால்
ஒன்றும் சொல்ல முடியவில்லை.
அம்மா இருந்திருந்தால்
மிளகாய் எடுக்க உள்ளே போயிருப்பாள்.
யாரோ ஒருத்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்,
அழுகைக்கா சிரிப்புக்கா தெரியவில்லை.
அந்த ஒருத்தி நான்தான்.

"லிச்சின்," என்று படியைக் காட்டினாள் சியூ கிம்,
குரல் செத்துப்போய், "லிச்சின்."
வழுக்கும்.
தம்பி காலை ஓரமாய் வைத்தான்.
தேவாரம் விட்ட இடம் தெரியாமல்
வேறெங்கோ தொடங்கியது.

இப்போதும் பாலத்தில் எவனாவது குறுக்கே விட்டால்
ஹொக்கியனில்தான் திட்டுகிறேன்.
அந்தத் தமிழ் வார்த்தையை
அதற்கெல்லாம் எடுப்பதில்லை.

போன மாதம் சியூ கிம்முக்கு முட்டியில் ஆபரேஷன்.
கோலை ஊன்றி அவள் சாலையைக் கடக்கும்போது
இந்தப் பக்கம் நின்று சொல்கிறேன்,
நாலு தமிழர் திரும்பிப் பார்க்க,
சத்தமாகவே.