இருக்கைக்கு அடியில் இன்ஜின்

எங்கள் ஆம்னிக்கு இன்ஜின்
இருக்கைக்கு அடியில்.
பதினோரு வருஷமாக அதன் மேல் உட்கார்ந்துதான்
புளியரையிலிருந்து புனலூருக்குப் போகிறோம்,
பின்னால் பிச்சியும் கேந்தியும் அரளியும்
ஈரச்சாக்கு மூடிக் கிடக்க,
காலை மூன்று மணிக்கு.

எஸ் வளைவில் இரண்டாம் கியருக்கு இறங்கினால்
சைலன்சர் அலறும்.
அதைவிட ஒரு படி மேலே நான் அலறுவேன்.
"லாரி வருது!"
"சில்லறை எடுத்தீகளா!"
ஆவுடையப்பன் "ம்" என்பார்.
அது கேட்காது.
தாடை அசைவதைப் பார்த்து நானே
ஒரு "ம்" போட்டுக்கொள்வேன்.

புனலூரில் நான் பூவுக்கு விலை சொன்னால்
எதிர்க்கடை மருந்துக்காரர் எட்டிப் பார்ப்பார்.
சண்டை என்று நினைப்பாராம்.

இடது காது இரையத் தொடங்கியது போன ஆவணியில்.
டாக்டர் வண்டியை மாற்றச் சொன்னார்.
ஓணத்தில் கேந்தி கொடுத்த காசுக்கு
வண்டியை மாற்ற முடியாது,
வண்டியின் வாயை வேண்டுமானால் மூடலாம்.

நஜுமுதீன் ஷீட்டைத் தொடவே இல்லை முதலில்.
அடியில் படுத்து,
துருப்பிடித்த குழாயில் ஐந்து ரூபாய்க் காசு நுழையும்
பொத்தலைக் காட்டினான்.
"இத அடைக்காம மேல மெத்தை விரிச்சா
காசு எனக்கு, சத்தம் உங்களுக்கு, சேச்சி."

பொத்தலுக்கு வெல்டிங், வெடித்த ரப்பருக்குப் புது ரப்பர்.
பிறகுதான் இருக்கையைக் கழற்றினான்.
அடியில் சருகான பிச்சி ஒரு கைப்பிடி,
ஒற்றை ரூபாய் ஒன்பது,
நான் வீடு முழுக்கத் தேடிய கொலுசுத் திருகாணி.

விரல்முட்டியால் தகரத்தைத் தட்டுவான்.
டங்.
கருப்புப் பிசின் தாளை வெள்ளித்தோல் மேலே வர ஒட்டி
சப்பாத்தி தேய்ப்பதுபோல் உருளையால் தேய்ப்பான்.
மறுபடி தட்டுவான்.
தொப்.
டங்குக்கும் தொப்புக்கும் நடுவில்
எட்டாயிரத்து நானூறு ரூபாய்.

கதவுக்குள் ஒட்டும்போது மட்டும்
அடியோரத்துச் சின்ன ஓட்டைகளை விட்டுவிட்டான்.
"மழைத்தண்ணி எறங்க வழி வேணும்.
இல்லன்னா உள்ளேயே நின்னு அரிச்சிரும்."

மறுநாள் கோட்டைவாசலில் பனி.
"லாரி வருது!" என்றேன்.
ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டார்.
"பக்கத்துலதான இருக்கேன்."
இவ்வளவு மெல்லிய குரலா இவருக்கு?
பெண்பார்க்க வந்தபோதும் இதே குரல்தானா?
வெட்கமாகி வாயை மூடிக்கொண்டேன்.

ஆரியங்காவு செக்போஸ்ட் தாண்டியதும்
தாடை அசைந்தது.

"சிட்டுக்கு நாலாயிரம்...
இலஞ்சிக்காரனுக்கு ரெண்டு மாச வட்டி...
வளையலத் திருப்பணும்.
அவ கேக்கதுக்கு முந்தித் திருப்பணும்..."

தங்கச்சி மகள் சடங்குக்கு
இரவல் போயிருப்பதாகச் சொன்ன வளையல்.

பதினோரு வருஷமாக
என் பக்கத்தில் இருந்து
வாய்விட்டுத்தான் பேசியிருக்கிறார்.
நான் "ம்" போட்டிருக்கிறேன்.

கேட்டுவிடலாமா என்று திரும்புவதற்குள்
எதிர் லாரியின் வெளிச்சம் எங்கள் இருவர் முகத்திலும்.
அவர் என்னைப் பார்த்தார்.
அப்போதுதான் வண்டி எவ்வளவு அமைதி என்று
அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.
கழுதுருட்டி வரைக்கும் தாடை
பூட்டின கடை.

கண்ணாடியை இரண்டு விரல் இறக்கினேன்.
காற்று, டயர், எங்கோ ஏறும் தடிலாரி,
எல்லாம் உள்ளே வந்தன.
"புழுங்குது!" என்றேன்,
பழைய சத்தத்தில்.
மப்ளர் சுற்றியிருந்த மனுஷன்
மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

தென்மலை இறக்கத்தில் மெதுவாக
மறுபடி அசைந்தது தாடை.
கெட்டுப்போன இடது காதை ஜன்னலுக்குக் கொடுத்துவிட்டு
ரோட்டையே பார்த்தபடி இருந்தேன்,
வலது காதோடு.