காலி எடை

காவேரிப்பட்டணம் சாலையில்
மாங்கூழ் ஆலை வாசலில் என் எடைமேடை.
லாரி ஏறும், எண் நிற்கும், சீட்டு கிழியும்.
சரக்கோடு ஒருமுறை, இறக்கிவிட்டு ஒருமுறை.
பதினோரு வருஷமாய்
அடுத்தவர் பாரத்தைக் கழித்துத்தான் பிழைப்பு.

ஓசூர் ஆஸ்பத்திரித் தராசு
என்னைத் தாங்காமல் வெறும் கோடு காட்டியது.
நர்ஸ் சிரிக்கவில்லை.
சிரித்திருக்கலாம்.

மறுநாள் ஆள் வருமுன்
செருப்பைக் கழற்றிவிட்டு
என் மேடையில் நானே ஏறினேன்.
வெளிப்பலகையில் சிவப்பாய் 160.
பத்துப் பத்தாய்த்தான் எண்ணும் அது.
சில்லறையை எனக்கே விட்டுவிட்டது.
இருநூறுக்குக் கீழே இதை நம்பாதே என்பார்
முத்திரை போட வரும் ஆய்வாளர்.
நம்பினேன்.

"ஈரல் சுருங்கணும்மா. பதினாலு நாளைக்கு
எல்லாமே தண்ணியாத்தான்."
சீசன் அது. தோத்தாபுரி டன் டன்னாய் வந்தது.
கூண்டுக்குள் ஈ, பால்வாடை, வெயில்.
வெனிலா மாவைக் குலுக்கிக் குலுக்கிக் குடித்தபடி
ஒருநாளைக்கு எண்பது சீட்டு.
டிரைவர் ஜெயவேலு வழக்கம்போல்
ஜன்னல் வழியே ஒரு செந்தூரா நீட்டினான்.
வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல்
மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன்.
ஐந்தாம் நாள்
பூட்டே மணத்தது.

ராத்திரியில் மூச்சுப் பயிற்சி.
குழாயில் இழுத்தால் மூன்று பந்து எழும்பணும்.
இரண்டு எழும்பின.
மூன்றாவது சும்மா நடுங்கியது.
"வாயைக் கட்டினா பத்தாதா,
வயித்த அறுக்கணுமா" என்றார் கிருஷ்ணோஜி.
வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச்
சேர்த்த சீட்டுப் பணம்தான்.
வயிற்றைக் கட்டவே போகட்டும் என்றேன்.
முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தவர்
விடியக்காலையில் பையை அடுக்கிவைத்திருந்தார்,
துண்டு, சீப்பு, என் பழைய நைட்டி,
கேட்காமலே.

ஐந்து ஓட்டை. முக்கால் வயிறு வெளியே.
கண் விழித்ததும் டாக்டரிடம் கேட்டேன்:
எடுத்ததை எடை போட்டீங்களா?
அன்றுதான் அவர் என் முகத்தை நன்றாகப் பார்த்தார்.
"யாரும் கேட்டதில்லையே."

உள்ளே ஏற்றிய காற்று தோளில் போய்க் குத்த,
சாயங்காலமே நடக்கவிட்டார்கள்.
பாட்டில் மூடியளவு தண்ணீர்,
கால்மணிக்கு ஒன்று.
எதிரே டிவியில்
கிருஷ்ணகிரி அணையில் மதகு திறந்து,
தாழ்வான பகுதியில் வசிப்பவர்களுக்கு எச்சரிக்கை.
மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மூன்றாம் மாசம் முடி கொத்தாய் வந்தது.
வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது.
கல்யாண வீட்டில் காதோரம் வந்து
"சுகரா, இல்ல வேற எதாச்சுமா?"
நாலு மணியானால் கை தானாய்ப் பர்ஸைத் தேடும்,
பஜ்ஜி வண்டிக்காரர் என்னைப் பார்த்ததும்
இன்னும் எட்டு எடுத்து வைப்பார்.
பசி இல்லை. பசிக்காமல் அழுதேன் ஒருநாள்,
கூண்டுக் கதவைச் சாத்திக்கொண்டு,
எதற்கென்று இன்றுவரை சரியாகத் தெரியவில்லை.

முதல் களி.
உருண்டையில் கட்டைவிரலளவு கிள்ளி,
கீரைக் குழம்பில் தொட்டு.
களியை யாரும் மெல்லுவதில்லை எங்கள் பக்கம்,
வழுக்கி உள்ளே போகணும்.
மென்றேன். முப்பது தடவை.
"களிய மெல்லுறவள இப்பத்தான் பாக்கறேன்"
என்று திம்மக்கா தட்டைப் போட்டுவிட்டுச் சிரித்தாள்.
எனக்கோ
முப்பத்தெட்டு வயசில்
கேழ்வரகுக்கு ஒரு ருசி இருப்பது தெரிந்தது,
லேசாய், மண் மாதிரி.

கார்த்திகையில் ஒரு காலை
மறுபடி செருப்பைக் கழற்றினேன்.
இரும்புத் தகடு ஜில்லென்றது.
120.
நாற்பது கிலோவுக்கு
நாலே நாலு சொடுக்கு.
பின்னால் ஹாரன்.
கூழ்ப் பீப்பாய் ஏற்றப் போகிற ஜெயவேலு
தலையை வெளியே நீட்டி
"என்னக்கா, லோடா காலியா?"

"ஓரமா நிறுத்து.
இன்னும் இறக்கி முடியல."

அப்புறம் கூண்டுக்குப் போய்
அவனுக்குச் சீட்டுப் போட்டேன்.
ஒன்பதேகால்.
வைட்டமின் மாத்திரை நேரம்.