உமி மலை

கரிமேட்டில் மீன் லாரி வந்து நிற்கும் முன்
அப்பா எழுந்துவிடுவார்.
அலாரம் கிடையாது.
கம்ப்ரசர் சத்தம் ஒரு இழை மாறினால்
தூக்கத்திலேயே செருப்பைத் தேடும் கால்.

அமோனியா நெடிதான் எங்கள் வீட்டு வாசம்.
பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவள்
ஒரு வருஷம் மூக்கைப் பொத்தினாள்.
சொன்னேன்.
"அந்த நெடியிலதான் உன் ஃபீஸ் இருக்கு" என்றார்,
உப்புத்தண்ணித் தொட்டிக்குள் குனிந்தபடியே.

உசிலம்பட்டிப் புழுதியில் பிறந்த ஒச்சப்பன்
பத்தொன்பது வயதில் பட்டாளத்துக்குப் போய்
குல்மார்க்கில் மூன்று குளிர்காலம் நின்றவர்.
மதராஸிக்குப் பனி எதுக்கு என்று சிரித்த ஹவில்தாரே
கடைசியில் சறுக்கக் கற்றுக்கொடுத்தாராம்.
முதல் நாள் நாற்பது தடவை விழுந்தார்.
எண்ணினீங்களா என்றால்,
"விழுந்தவன் எண்ணாம வேற எவன் எண்ணுவான்?"

கழித்துப்போட்ட ஒரு ஜோடிச் சறுக்குக் கட்டையை
முப்பது ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்து
மூன்று நாள் ரயிலில் கொண்டுவந்தார்.
பெண் பார்க்கப் போனபோதும் கையில் அதுதான்.
ஏணி என்று நினைத்த அம்மா வீட்டில்
படி எங்கே என்று கேட்டார்களாம்.

பிறகு முப்பத்தெட்டு வருஷம் ஐஸ்.
முழு பாருக்கு முழு விலை,
மூலை உடைந்ததற்குப் பாதி.
ஓசி கிடையாது, யாருக்கும்.
என் கல்யாணப் பந்திக்கு வந்த இருபது பாருக்கும்
தன் பெயருக்கே பில் போட்டு
தானே கட்டினார், தாலி கட்டி முடிந்த கையோடு.
ஆதார் எடுக்கிற மெஷின்
அவர் விரலில் ரேகையே இல்லை என்றது.
தம்பி பிறந்த அன்று
கம்ப்ரசருக்கு அடியில் படுத்திருந்தார்.
அம்மா அதை மறக்கவில்லை. நானும் மறைக்கவில்லை.

ஆனால் வருஷத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.
அறுவடை முடிந்து வாடிப்பட்டி மில்லுக்குப் பின்னால்
உமி இரண்டு மாடி உயரம் குவிந்ததும்
மில்காரர் காசிம் ராவுத்தர் ஆள் அனுப்புவார்.
நிபந்தனை ஒன்றுதான்:
சரிந்த உமியைச் சறுக்கினவரே மேலே அள்ளிக் கொட்டணும்.

வேட்டியை அவிழ்த்து என்னிடம் கொடுத்துவிட்டு
காக்கி டவுசர், கயிறு சுற்றிய பழைய பூட்ஸ்,
கையில் இரண்டு மூங்கில்.
உச்சியில் ஒரு நிமிஷம் சும்மா நிற்பார்.
வீட்டில் அப்படிச் சும்மா நின்று பார்த்ததேயில்லை.

முழங்கால் மடிந்தது.
பதினோரு நொடி.
கீழே வந்தபோது இமையெல்லாம் உமி, வாயெல்லாம் பல்.

அப்புறம் இரண்டு மணி நேரம் மண்வெட்டி.
"கட்டுபடி ஆகுதாப்பா?"
"ஐஸ்ல இவ்வளவு லாபம் கிடையாது."

போன வைகாசியில்
கணக்கு நோட்டின் மேல் தலையை வைத்தார். எழவில்லை.

வாடகைக் கண்ணாடிப் பெட்டியில் கிடத்தினோம்.
ராத்திரி பதினொன்றுக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமி நின்றது.
தம்பி யாரையோ ஃபோனில் திட்டிக்கொண்டிருந்தான்.

யாரும் சொல்லாமலே
சகாயமும் ஜாபரும் குட்டியானையில் வந்தார்கள்.
எட்டு பார்.
இருட்டு, ஈரம், தூக்கிப் படியேற முடியாத சந்து.
ஜாபர் ஃபேக்டரிச் சுவரிலிருந்து கழற்றி வந்திருந்தான்.
உயர்ந்த வண்டித் தட்டுக்கும் எங்கள் வாசலுக்கும் நடுவே
அந்த இரண்டு கட்டைகளைச் சாய்த்தான்.

ஒவ்வொரு பாராகச் சறுக்கி வந்தது,
செல்போன் வெளிச்சத்தில், புகை விட்டுக்கொண்டு.
ஒப்பாரி வைத்த பெண்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.
மூன்றாவது வேகமாக வந்து
நிலைப்படியில் மோதி மூலை உடைந்தது.
"மெதுவாப்பா" என்றாள் அம்மா.
"அவருக்கு உடைஞ்சது ஆகாது."

காலையில் தத்தனேரி.

ஒன்பதாம் நாள் அந்த நோட்டைத் திறந்தேன்.
அவர் கன்னம் பட்ட இடத்தில் மை கலைந்திருந்தது.
அடுத்த வரியில் எழுதினேன்:
பார் எட்டு. பெயர், ஒச்சப்பன்.
தொகையில் வந்து பேனா நின்றது.

ஜாபர் எட்டிப் பார்த்தான்.
"அக்கா, ஒண்ணுக்குப் பாதி விலை."

போட்டேன்.